சுட்டவன் தோளில் விழுந்த அடி: இலங்கைக் காடுகளும் யானைத் துப்பாக்கியும்

துப்பாக்கி முன்னும் பின்னும் ஒருசேர அடிக்கும் கருவி. குழலுக்குள் எரியும் மருந்திலிருந்து பிறக்கும் வாயு, குண்டை எவ்வளவு உந்தத்துடன் முன்னே தள்ளுகிறதோ அவ்வளவு உந்தத்துடன் துப்பாக்கியைப் பின்னே தள்ளுகிறது. நிறையை வேகத்தால் பெருக்கக் கிடைப்பது உந்தம் என்றும், துப்பாக்கி பின்னோக்கி வந்து தோளைத் தாக்குவது பின்னுதைப்பு என்றும் சொல்லப்படும். குண்டின் கனமும் வேகமும் கூடக்கூட உதையும் கூடும். துப்பாக்கியின் எடையைக் கூட்டினால் அது பின்னோக்கி வரும் வேகம் குறைவதால் வலியும் குறையும் என்றாலும், மொத்த உந்தத்தில் ஒரு துளியும் குறைவதில்லை. அந்த அடியை யாராலும் இல்லாமல் செய்துவிட முடியாது. அதை மெதுவாக்கலாம், பரப்பலாம், வேறோர் இடத்துக்கோ வேறோர் ஆளுக்கோ மாற்றலாம், அவ்வளவே. சுடுவதற்கே அஞ்ச வைத்த துப்பாக்கிகளின் வரலாறு என்பது, அந்த அடி யார்மேல் எப்படி மாற்றப்பட்டது என்பதன் வரலாறுமாகும். அதை மிகத் தெளிவாகக் காட்டுவது பத்தொன்பதாம் நூற்றாண்டின் யானைத் துப்பாக்கி. அது பெருமளவில் வேலை செய்த நிலங்களுள் ஒன்று இலங்கை.

அக்காலத்துத் துப்பாக்கிகளின் குழலளவு எண்ணால் குறிக்கப்பட்டது. ஒரு ராத்தல் ஈயத்திலிருந்து குழலுக்குச் சரியாகப் பொருந்தும் உருண்டைக் குண்டுகள் எத்தனை வார்க்கலாமோ அதுவே அந்தத் துப்பாக்கியின் எண். பறவை சுடும் பன்னிரண்டாம் எண் துப்பாக்கியின் குழல் ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர் விட்டமுடையது. எட்டாம் எண் 21 மில்லிமீட்டரைத் தாண்டும். நான்காம் எண் சுமார் 26.7 மில்லிமீட்டர். எண் சிறுக்கச் சிறுக்கக் குண்டு பெருக்கும். நான்காம் எண் துப்பாக்கியின் உருண்டைக் குண்டு கணக்குப்படி கால் ராத்தல், அதாவது நான்கு அவுன்ஸ், ஏறத்தாழ 113 கிராம் எடையுள்ளது. இன்றைய படைவீரனின் ரைஃபிள் குண்டு பெரும்பாலும் 4 முதல் 10 கிராம் வரைதான் என்பதை நினைத்தால் இந்த எண்ணின் பொருள் விளங்கும்.

இத்தனை பெரிய குண்டு தேவைப்பட்டதற்குக் காரணம் வேட்டைக்காரரின் ஆடம்பரமன்று. கருமருந்தின் எல்லையே காரணம். வெடியுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்றையும் கலந்து செய்யும் கருமருந்து எவ்வளவு கூட்டிக் கெட்டித்தாலும் கனமான குண்டின் வேகத்தை நொடிக்கு 450 மீட்டர் அளவுக்கு மேல் எளிதில் கொண்டுசெல்லாது. எரிந்ததில் பாதிக்கு மேல் வாயுவாகாமல் கரியும் உப்புமாகக் குழலில் படிந்தும் வெண்புகையாக வெளியேறியும் வீணாகும். வேகத்தைக் கூட்ட வழியில்லாதபோது குண்டின் வலிமையைக் கூட்ட எஞ்சியிருந்த ஒரே வழி கனத்தைக் கூட்டுவதுதான். யானையின் மண்டையோடோ தேனடை போன்ற காற்றறைகளால் நிறைந்த பருத்த எலும்பு. மூளை அதற்குள் ஆழத்தில், பின்னும் தாழ்வுமாக அமைந்திருக்கிறது. தூய ஈயக் குண்டு அந்த எலும்பில் பட்டவுடன் நசுங்கிப் பரந்து நின்றுவிடும் என்பதால், ஈயத்துடன் வெள்ளீயமோ பாதரசமோ கலந்து கடினமாக்கி, நான்கு அவுன்ஸ் அளவுக்கு வார்த்து, ஓர் அவுன்ஸ் வரை மருந்து கெட்டித்துச் சுட்டார்கள். அந்த ஏற்பாட்டின் மறுமுனையில் ஒரு மனிதனின் காறையெலும்பு இருந்தது.

இலங்கையில் இத்துப்பாக்கிகளுக்கு வேலை கொடுத்தது அரசு. 1840களில் கண்டி மலைச்சரிவுகள் காப்பித் தோட்டங்களாக மாறிக்கொண்டிருந்தன. அத்தோட்டங்களுக்குத் தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, யானைக் காடுகளின் ஊடே கால்நடையாகவே மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்தார்கள். பயிரழிவைக் காரணமாகக் காட்டிய குடியேற்ற அரசு, கொல்லப்பட்ட ஒவ்வொரு யானைக்கும் சில ஷில்லிங் வெகுமதி வழங்கியது. 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றச் செயலராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டெனென்ட் தரும் கணக்கின்படி, 1848க்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்கும் குறைவான காலத்தில் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகள் வெகுமதிக்காகக் கொல்லப்பட்டன. 1851க்கும் 1856க்கும் இடையே தென் மாகாணத்தில் மேலும் 2,000 யானைகளுக்குப் பணம் வழங்கப்பட்டது. அந்த வட மாகாணத்தின் யானைக் காடு வன்னியே. அதே வன்னியின் பணிக்கர்கள், தோல்கயிற்றுச் சுருக்கு ஒன்றைத் தவிர வேறு கருவியில்லாமல் காட்டு யானையின் பின்னங்காலைப் பிணித்து மரத்தில் கட்டி உயிருடன் பிடிக்கும் கலையைத் தலைமுறை தலைமுறையாகப் பேணிவந்தவர்கள். அவர்கள் வாழ்ந்த அதே காட்டில்தான் மூன்றே ஆண்டுகளில் இத்தனை யானைகள் சுட்டுத் தள்ளப்பட்டன என்பதைப் படிக்கும்போது, அந்த எண்களை வெறும் நிர்வாகப் புள்ளிவிவரமாகக் கடந்துபோக முடிவதில்லை. இலங்கை யானைகளில் பெருந்தந்தம் உடையவை மிகச் சிலவே ஆதலால், அந்தச் சாவுகளில் பெரும்பாலானவற்றால் தந்த வணிகத்துக்குக்கூட ஊதியம் இருந்ததில்லை. உடல்கள் விழுந்த இடத்திலேயே அழுகின.

படை அதிகாரிகளும் நிர்வாகிகளும் இதை விளையாட்டாக மேற்கொண்டார்கள். பதுளையில் பணியாற்றிய மேஜர் தாமஸ் வில்லியம் ரோஜர்ஸ் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றவராகச் சமகாலத்தவர் எழுதியுள்ளனர். அவர் 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார், கல்லறை நுவரெலியாவில் இருக்கிறது. ஏறத்தாழ அவர் இறந்த காலத்தில் இலங்கைக்கு வந்தவர் சாமுவேல் பேக்கர். 1848இல் நுவரெலியாவில் பண்ணைக் குடியேற்றம் ஒன்றை அமைத்து 1855 வரை அங்கே வாழ்ந்த அவர், பின்னாளில் நைல் ஆற்றின் தோற்றுவாய்களைத் தேடிச் சென்று ஆல்பர்ட் ஏரியை ஐரோப்பியருக்கு அறிமுகப்படுத்திப் பெரும்புகழ் பெற்றவர். துப்பாக்கியின் உதையைப் பற்றி அவரளவுக்கு ஒளிவுமறைவின்றி எழுதிய வேட்டைக்காரர்கள் குறைவு. அந்த வகையில் வரலாறு அவருக்குக் கடன்பட்டிருக்கிறது.

பேக்கர் இலங்கைக்கு வருமுன்பே, 1840இல், பிரிஸ்டல் நகரின் கிப்ஸ் என்னும் துப்பாக்கிச் செய்வினைஞரிடம் தமக்கென ஒரு ரைஃபிளைச் செய்வித்திருந்தார். ரைஃபிள் என்பது குண்டைச் சுழலச் செய்வதற்காகக் குழலின் உட்புறத்தில் சுருள்வரிகள் வெட்டப்பட்ட துப்பாக்கி. நான்காம் எண்ணுக்குரிய அந்த ஆயுதம் 21 ராத்தல் எடையும் 36 அங்குலக் குழலும் உடையது; மூன்று அவுன்ஸ் உருண்டைக் குண்டு அல்லது நான்கு அவுன்ஸ் கூம்புக் குண்டு, அதற்குப் பதினாறு டிராம், அதாவது ஒரு முழு அவுன்ஸ், மருந்து என்பது அதன் அளவு. அதன் உதையை எளிய கணக்கால் மதிப்பிடலாம். 113 கிராம் கூம்புக் குண்டு நொடிக்கு 400 மீட்டர் வேகத்தில் வெளியேறுவதாகக் கொண்டால், அந்த உந்தத்தையும் அதனுடன் வெளியேறும் வாயுவின் பங்கையும் ஈடுசெய்ய ஏறத்தாழ ஒன்பதரைக் கிலோ எடையுள்ள அத்துப்பாக்கி நொடிக்கு ஐந்து மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் பின்னே வரவேண்டும். பத்துக் கிலோ எடைக்கல் ஒன்று ஒன்றேகால் மீட்டர் உயரத்திலிருந்து தோள்மீது விழுந்தால் எப்படியிருக்குமோ, குறைந்தது அப்படியிருக்கும் அந்த அடி. பிற்காலப் படைவீரனின் .303 ரைஃபிள் நான்கு கிலோ எடையுடன் நொடிக்கு மூன்று மீட்டருக்கும் குறைவான வேகத்தில் பின்வருகிறது. ஆற்றலாக அளந்தால் பேக்கரின் ரைஃபிள் அதைப்போல் பத்து மடங்கை எளிதாகத் தாண்டும்.

அந்த அடி உடலில் பல வழிகளில் இறங்கியது. தோள்குழியில் துப்பாக்கியின் மரக்கட்டை சரியாகப் பதியாவிட்டால் காறையெலும்போ புயத்தசையோ தாங்கியது. பழைய துப்பாக்கிகளின் கட்டை கீழ்நோக்கி மிகுதியாக வளைந்திருந்ததால், குழல் மேலெழும்பும்போது கட்டையின் மேல்விளிம்பு கன்னத்தில் அறைந்தது. விசைக்காப்பு வளையம் நடுவிரலைக் கிழித்தது. மூக்கில் குருதி வருவதும் சுட்டபின் நெடுநேரம் தலைவலி நீடிப்பதும் அரியனவல்ல. இரட்டைக் குழல் துப்பாக்கிகளில் இன்னொரு தொல்லையும் இருந்தது: முதற் குழலின் அதிர்ச்சியிலேயே இரண்டாவது குழலின் பொறி விடுபட்டு இரண்டும் ஒருசேர வெடித்துவிடும். இவற்றையெல்லாம்விட நிலையான பாதிப்பு மனத்தில் நேர்ந்தது. வரப்போகும் அடியை உடல் ஒருமுறை அறிந்துகொண்டால், விசையை இழுக்கும் கணத்துக்குச் சற்று முன்னமே கண் மூடும், தோள் முன்னோக்கி விறைக்கும், கை கீழே சாயும். இந்த முன்நடுக்கத்தால் குறி தவறும். சுடுபவன் வீரனா கோழையா என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை, அறிவின் கட்டுப்பாட்டுக்கு வெளியே உடல் கற்றுக்கொள்ளும் பாடம் இது. குறி தவறினால் யானை சாவதில்லை. காயத்துடன் காட்டுக்குள் ஓடி நாட்கணக்கில் துடித்துச் சாகும். சுட்டவனின் தோள்வலியை நூல்கள் விரிவாகப் பேசுகின்றன, அந்த யானைகளைப் பற்றி அவை சொல்வது மிகக் குறைவு.

ஆப்பிரிக்காவுக்குச் சென்றபோது பேக்கர் இதனினும் கொடிய ஒன்றைக் கொண்டுசென்றார். ஹாலண்ட் நிறுவனம் செய்த அந்த ஒற்றைக் குழல் ரைஃபிள் 20 ராத்தல் எடையுடையது. அரை ராத்தல் எடையுள்ள வெடிகுண்டை, அதாவது உள்ளே மருந்து வைத்துப் பட்ட இடத்தில் வெடிக்கும்படி செய்த குண்டை, பத்து டிராம் மருந்தால் எய்யும். குழந்தை என்று அவர் செல்லப்பெயரிட்ட அதனை அரபியர் பீரங்கியின் பிள்ளை என்று அழைத்தனர். அது தம்மைக் காற்றாடிபோல் சுழற்றிவிடுவதாகவும், அதைச் சுடத் தாமே அஞ்சியதாகவும் பேக்கர் மறைக்காமல் எழுதினார். அவ்வளவு அஞ்சிய அவர் செய்தது என்ன என்பதே இங்கு முதன்மையானது. மாதக்கணக்கில் மருந்து கெட்டித்தபடியே கிடக்கும் அத்துப்பாக்கியை இடையிடையே துடைத்தாக வேண்டும். துடைக்குமுன் உள்ளிருப்பதைச் சுட்டு வெளியேற்ற வேண்டும். அந்த வேலையை அவர் தம் ஏவலாளர்களிடம் விட்டார். ஒருவன் சுட, மற்றொருவன் அவன் முதுகைத் தாங்கி நிற்க, வெடித்ததும் இருவரும் மல்லாந்து விழுந்தார்கள், துப்பாக்கி அவர்களுக்கும் பின்னே சில கஜ தூரம் பறந்து சென்றது என்று பேக்கரே வேடிக்கையாகக் குறித்திருக்கிறார். அந்த இருவரின் தோள்களைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை.

உதையைத் தணிக்க அக்காலம் அறிந்த முதல் மருந்தும் இதே திசையிலேயே செயல்பட்டது. துப்பாக்கியின் எடையைக் கூட்டினால் சுடும் கணத்தில் தோள் பிழைக்கும். அந்த எடையை நாள் முழுதும் காட்டில் சுமப்பவர் யார் என்பது அடுத்த வினா. 21 ராத்தல் ரைஃபிளைத் தோளில் வைத்துக்கொண்டு முட்புதரிலும் சேற்றிலும் யானைத் தடத்தைத் தொடர்ந்து மைல்கணக்கில் நடந்தவர்கள் துப்பாக்கி தூக்கிகளாக அமர்த்தப்பட்ட உள்ளூர் ஆட்கள். வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியை யானையின் முன்னிலையில் மீண்டும் நிரப்ப நேரமிராது என்பதால் ஒரு வேட்டைக்காரனுக்கு நான்கைந்து துப்பாக்கிகளும் அத்தனை ஆட்களும் தேவைப்பட்டார்கள். வெண்புகை மூடி யானை எங்கே நிற்கிறது என்று தெரியாத கணத்தில், நிரப்பிய அடுத்த துப்பாக்கியை எசமானின் கையில் சரியாக வைப்பது அவர்களின் கடமை. அவர்களிடம் நாளெல்லாம் தோளில் கனமான துப்பாக்கி இருந்தது. சுடும் உரிமை மட்டும் இல்லை.

எல்லா வேட்டைக்காரரும் இந்தப் பெருங்குழல்களை நாடவில்லை. சென்னை மாகாண சிவில் சேவையில் பத்தாண்டுகள் பணியாற்றி, உடல்நலம் குன்றி 1844இல் தென்னாப்பிரிக்கா சென்று, பின்னர் லிவிங்ஸ்டனுடன் 1849இல் இங்காமி ஏரியை அடைந்த வில்லியம் காட்டன் ஆஸ்வெல், பர்டி நிறுவனத்தின் பத்தாம் எண் துப்பாக்கி ஒன்றையே பெரிதும் நம்பினார். ஏறத்தாழ பத்து ராத்தல் எடையும் வரியற்ற குழலும் உடைய அதை அவர் குதிரைமீதிருந்து, யானைக்கு மிக அருகே சென்று சுட்டார். அருகே சென்றால் சிறிய குண்டும் போதும் என்பது அவர் கண்ட வழி. அதற்குத் தோள்வலிமை வேண்டாம், உயிரைப் பணயம் வைக்கும் துணிவு வேண்டும். அத்துப்பாக்கியையே அவர் 1861இல் பேக்கருக்கு இரவல் கொடுத்தார்.

மிகுந்த துன்பம் தந்தவை விலையுயர்ந்த ரைஃபிள்கள் அல்ல, ஏழைகளுக்கான வணிகத் துப்பாக்கிகளே. பர்மிங்ஹாம் நகரத்துப் பட்டறைகள் ஆப்பிரிக்க வணிகத்துக்கென்று நான்காம் எண் துப்பாக்கிகளை மலிவாகச் செய்து அனுப்பின. 1871இல் பத்தொன்பது வயது இளைஞராகத் தென்னாப்பிரிக்கா வந்திறங்கிய பிரெடெரிக் செலூஸ் தம் நல்ல துப்பாக்கியை இழந்தபின் வாங்கியவை ஐசக் ஹாலிஸ் பெயர் பொறித்த அத்தகைய துப்பாக்கிகள். ஒவ்வொன்றும் ஆறு பவுன் விலை, பன்னிரண்டரை ராத்தல் அளவே எடை. பேக்கரின் ரைஃபிள் 21 ராத்தல் எடையுடன் எய்த குண்டை இவை அதில் பாதிக்குச் சற்றே மேலான எடையுடன் எய்தன. தோல்பையில் கிடக்கும் முரட்டு மருந்தில் ஒரு கைப்பிடியை அள்ளிப் போட்டு, மேலே நான்கு அவுன்ஸ் உருண்டையைத் தள்ளுவதுதான் அளவு. இத்துப்பாக்கிகளால் மூன்று ஆண்டுகளில் 78 யானைகளைக் கொன்ற செலூஸ், அவற்றின் உதை தம் நரம்புகளை நிலையாகப் பாதித்துப் பிற்காலத்துக் குறிபார்க்கும் திறனையே கெடுத்துவிட்டதாக வருந்தினார். அவற்றைத் தொடாமலேயே இருந்திருக்கலாம் என்று எண்ணினார்.

அவருக்கு நேர்ந்த ஒரு விபத்து அக்காலத்துத் தொழில்முறையை நன்கு காட்டுகிறது. துப்பாக்கி ஒருமுறை வெடிக்கத் தவறியபோது, தூக்கி வந்த ஆள் அது நிரம்பியிருப்பதை அறியாமல் இரண்டாம் முறையும் மருந்தும் குண்டும் கெட்டித்துக் கொடுத்துவிட்டார். அடுத்த முறை மருந்தைப் பற்றவைக்கும் கேப்பு வெடித்ததும் இரு குண்டுகளும் இரு மருந்தளவுகளும் ஒன்றாக வெடித்தன. செலூஸ் நிலத்திலிருந்து தூக்கியெறியப்பட்டு முகம் மணலில் பதிய விழுந்தார். வலக் கன்னத்தெலும்பின் கீழ் ஆழமாகக் கிழிந்தது. வலக் கையைத் தூக்க இயலவில்லை. துப்பாக்கி அவர் தோளுக்கு மேலே பறந்து பின்னே விழுந்து கிடந்தது. அதன் மரக்கட்டை சிதறிப்போயிருந்தது. இதில் கவனிக்கத்தக்கது, அந்தக் கட்டை யானைக் காதின் உட்தோலால் சுற்றப்பட்டிருந்தது என்பதாகும். உதையால் கட்டை பிளந்துவிடாமலிருக்க, ஈரத்தோலைச் சுற்றித் தைத்துக் காயவிட்டால் அது இரும்புப் பட்டைபோல் இறுகிப் பிடித்துக்கொள்ளும். யானையைக் கொல்லும் துப்பாக்கியை வழக்கமான உதைகளில் யானையின் தோலே உடையாமல் காத்தது; இம்முறை அதனாலும் காக்க இயலவில்லை.

வேட்டைக்காரன் விரும்பித் தாங்கிய உதையைப் படைவீரன் கட்டளைக்காகத் தாங்கினான். 1871இல் பிரித்தானியப் படை ஏற்றுக்கொண்ட மார்ட்டினி-ஹென்றி ரைஃபிள் 31 கிராம் குண்டை 5.5 கிராம் கருமருந்தால் எய்தது. துப்பாக்கியின் எடை நான்கு கிலோவைத் தொடவில்லை. முதற் சில சுடுகளில் தாங்கக்கூடியதாக இருந்த உதை, குழலில் கரி படியப்படிய வளர்ந்தது. குழலும் தொட முடியாதபடி கொதித்ததால் வீரர்கள் அதன்மீது பச்சைத்தோலைத் தைத்துக்கொண்டார்கள். 1879இல் சூலூ நாட்டுப் போர்க்களங்களில் மணிக்கணக்கில் சுட்டவர்களின் தோள்கள் கன்றி வீங்கின. குதிரைப்படைக்குரிய குட்டை ரைஃபிளில் அதே தோட்டாவைச் சுடுவது மிகையான துன்பம் என்று கண்டபின், படைத்துறை அதற்கெனக் குறைந்த மருந்தும் எடை குறைந்த குண்டும் கொண்ட தனித்தோட்டாவை வழங்க நேர்ந்தது. உதையின் அளவு படைத்துறை ஆவணத்தில் ஒரு சிக்கலாகவே இடம்பெற்ற ஆயுதங்களில் ஒன்றாக இதைக் கொள்ளலாம்.

நிலையை மாற்றியது வேதியியல். 1884இல் பிரெஞ்சு வேதியியலாளர் பால் வியெய் புகையற்ற மருந்தைக் கண்டார். 1889இல் இங்கிலாந்தில் ஏபெலும் டியூவரும் நைட்ரோகிளிசரின் 58 பங்கு, வெடிபஞ்சு 37 பங்கு, வாசலின் 5 பங்கு சேர்த்துக் கயிறுபோல் பிழிந்தெடுக்கும் கார்டைட்டை உருவாக்கினர். நீலகிரியில் குன்னூருக்கு அருகே அருவங்காட்டில் 1903இல் நிறுவப்பட்டு இன்றும் இயங்கும் தொழிற்சாலை இந்த கார்டைட்டுக்காகவே எழுந்தது. புதிய மருந்து ஏறத்தாழ முழுவதும் வாயுவாக எரிவதால் சிறிதளவே போதும். குண்டின் வேகமும் கூடும். 1898இல் ஜான் ரிக்பி வெளியிட்ட .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் ரைஃபிள் 31 கிராம் குண்டை நொடிக்கு 650 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் எய்தது. ஈயத்தின்மேல் கடின உலோக உறையிட்ட அக்குண்டு, நான்கு அவுன்ஸ் ஈய உருண்டை நின்றுவிட்ட இடத்தையும் தாண்டி யானை மண்டைக்குள் ஊடுருவியது. அதற்காகத் தோள் தந்த விலையோ பழைய விலையில் மூன்றிலொரு பங்கு மட்டுமே. புகை மறைந்தது, பத்து ராத்தலை ஒட்டிய எடையுள்ள ரைஃபிளைத் தானே சுமக்கலாம்.

ஆயினும் பெருங்குழலின்மீதான பற்று உடனே விடவில்லை. பெருந்தோட்டாக்களை நாடிய சிலருக்காக ஜெஃப்ரி நிறுவனம் .600 நைட்ரோவைச் செய்தது: 58 கிராம் குண்டு, 16 ராத்தல் ரைஃபிள். கருமருந்தின் உதை நீண்ட தள்ளலாக வந்ததென்றால், கார்டைட்டின் உதை குறுகிய குத்தாக வந்தது. இந்திய அரசு .450 அளவைத் தனியாருக்கு விலக்கியதும் இக்காலத்திலேயே. மார்ட்டினி-ஹென்றியின் குழலளவும் அதுவே ஆகையால், தோட்டாக் குண்டுகள் கிளர்ச்சியாளரின் கைகளுக்குப் போய்விடும் என்ற அச்சமே அதற்குக் காரணம். செய்வினைஞர்கள் .465, .470, .475 என்று சற்றே விலகிய அளவுகளில் அதே வலிமையுள்ள துப்பாக்கிகளைச் செய்து தடையைக் கடந்தார்கள்.

இந்தப் பெருந்துப்பாக்கிகளின் தேவையையே கேள்விக்குள்ளாக்கியவர் டபிள்யூ. டி. எம். பெல் என்னும் ஸ்காட்லாந்தியர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உகாண்டாவின் கரமோஜா முதலிய பகுதிகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்ற அவர், அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றை 7 மில்லிமீட்டர் மௌசர் தோட்டாவால், ஏறத்தாழ 11 கிராம் உறைக்குண்டால் வீழ்த்தினார். யானை மண்டையோட்டை ரம்பத்தால் அறுத்து மூளையின் இடத்தை எல்லாக் கோணங்களிலும் கற்றுக்கொண்டது அவர் பெற்ற திறன். கனத்தால் செய்ய வேண்டியதை அறிவால் செய்தார். அடர்காட்டில் காயம்பட்டுப் பாய்ந்துவரும் யானையின் முன் இம்முறை உதவாது என்று மற்ற வேட்டைக்காரர்கள் மறுத்தது நியாயமே. ஆனாலும் பெல்லின் தோள் பேரடிகளிலிருந்து தப்பியது என்பதில் ஆறுதல் காண இடமில்லை. உதை குறைந்தபோது கொல்வது எளிதாயிற்று, கொலை குறையவில்லை. பேக்கர் காலத்தில் வலி ஒரு கட்டுப்பாடாக இருந்ததா என்றால் அதுவுமில்லை; ரோஜர்ஸின் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளும் வன்னியின் மூவாயிரத்தைந்நூறும் வலி மிகுந்த துப்பாக்கிகளின் காலத்திலேயே வீழ்ந்தன. கட்டுப்படுத்தியது சட்டம் மட்டுமே: சென்னை மாகாணம் 1873இல் காட்டு யானைப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது, 1879இல் இந்திய அரசின் யானைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, இலங்கையின் விரிவான வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் 1937ஆம் ஆண்டினது.

இதற்கிடையே யானை இல்லாத போர்க்களத்திலும் யானைத் துப்பாக்கி மறுபிறவி எடுத்தது. 1918இல் பிரித்தானிய டாங்கிகளை எதிர்க்க ஜெர்மனியின் மௌசர் நிறுவனம் 13.2 மில்லிமீட்டர் ரைஃபிளைச் செய்தது. தாங்குகாலுடன் 18 கிலோவுக்கு மேற்பட்ட அந்த எடையைத் தவிர உதையைத் தணிக்க அதில் எந்த ஏற்பாடும் இல்லை. பிரித்தானியர் 1937இல் ஏற்ற .55 அங்குல பாய்ஸ் ரைஃபிளில் குழல்வாயில் வாயுவைப் பக்கவாட்டில் திருப்பும் தடுப்பும், பின்னோக்கி நழுவும் அமைப்பும், தோளுக்கு மெத்தையும் இருந்தன. அப்படியும் வீரர்கள் அதை வெறுத்தார்கள். குழல்வாய்த் தடுப்பு தோளிலிருந்து எடுத்த அடியைப் பேரொலியாக மாற்றிப் பக்கத்தில் படுத்திருப்பவனின் காதில் சேர்த்தது. அந்த வெறுப்பைப் போக்குவதற்காகக் கனடா நாட்டுப் படைக்கென்று 1942இல் வால்ட் டிஸ்னி நிறுவனம் ஒரு பயிற்சிப் படமே எடுத்தது. டாங்கிகளின் தகடு தடித்ததும் இந்த ரைஃபிள்களின் காலம் முடிந்தது.

மீண்டும் இலங்கைக்கு வந்தால், வன்னியிலும் அதைச் சூழ்ந்த உலர்வலயக் காடுகளிலும் கருமருந்துத் துவக்கு, அதாவது துப்பாக்கி, இன்றும் ஒழிந்துவிடவில்லை. கட்டுத்துவக்கு என்று அங்கே அழைக்கப்படுவது, ஓர் இரும்புக் குழலில் மருந்தும் ஈயமும் கெட்டித்து, விலங்கு நடக்கும் தடத்தை நோக்கி மரத்திலோ முளையிலோ கட்டிவைத்து, குறுக்கே இழுத்த கயிற்றில் கால் பட்டதும் வெடிக்கும்படி அமைப்பது. சட்டம் அதைத் தடைசெய்துள்ளது. பெரும்பாலும் காட்டுப்பன்றிக்கும் மானுக்கும் வைக்கப்படும் அதன்முன் யானையும் வருகிறது, விறகு தேடியும் தேன் எடுக்கவும் போகும் மனிதரும் வருகிறார்கள். அதன் உதையைத் தாங்குவது மரம். குழல் முழங்கால் உயரத்தில் கட்டப்படுவதால் யானைகளுக்குக் காலில் காயம் பட்டு, எலும்பு நொறுங்கி, சீழ் பிடித்து, அவை வாரக்கணக்கில் குளக்கரைகளில் நின்றபடியே நலிகின்றன. இலங்கையின் உலர்வலய மருத்துவமனைகளில் கட்டுத்துவக்குக் காயத்துடன் சேர்க்கப்படும் உழவர்களுக்கும் பெரும்பாலும் காலிலேயே அடி.